எதிர்ப்பு சக்தியைக் கூட்டாதீங்க சாமி!

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். நான் டாக்டர் இல்லை. பி.காம்., மூணாவது வருஷம். "டெபிட் கிரெடிட் படிக்கிறவனுக்கு குடல்ல என்னடா வேலை"ன்னு கேக்கப் போற நண்பர்களுக்கு ஒரு பதில்: இந்த விஷயத்துல குடலை விட கடை பெருசா இருக்கு. கடைன்னா நாங்க வருவோம்ல :-)

என் சண்டை முதல்ல ஒரு வார்த்தையோட. "நோய் எதிர்ப்பு சக்தி". அதுல "நோய்" சரி, "எதிர்ப்பு" கூட சரி. கடைசியில "சக்தி"ன்னு ஒண்ணை ஒட்டி வெச்சாங்க பாருங்க, அங்கதான் வினையே ஆரம்பிச்சது. சக்தின்னு சொன்ன உடனே நம்ம மனசுல என்ன வருது? பேட்டரி. இருபது பெர்சன்ட், எண்பது பெர்சன்ட். குறைஞ்சா சார்ஜ் போடணும், ஏற ஏற நல்லது. "எனக்கு சக்தி ஓவரா ஆயிடுச்சு, கொஞ்சம் இறக்கி விடுங்க"ன்னு யாராவது போய் நின்னு பார்த்திருக்கீங்களா? 2020ல தெருவுக்குத் தெரு கபசுரக் குடிநீர் டம்ளர் நீட்டினப்போ இந்த வார்த்தை எல்லா வீட்டுக்குள்ளயும் உட்கார்ந்துடுச்சு. அதுக்கப்புறம் டீத்தூள்ல இருந்து பிஸ்கட் வரைக்கும் "எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்". எல்லாருக்கும் கூட்டும். யாருக்கும் குறைக்காது.

ஆனா நம்ம ஊர்லயே, நம்ம கூட பஸ்ல நிக்கிறவங்கள்ல சில பேருக்கு, அவங்க எதிர்ப்பு சக்திதான் அவங்க குடல் சுவரை இடிச்சுக்கிட்டு இருக்கு. அவங்க கிட்டயும் போய் "சக்தியைக் கூட்டு"ன்னு பொடி விக்கிறாங்க. இந்தப் பதிவு அதுக்குத்தான்.

நான் சொல்றது குடல் அழற்சி நோய். சுருக்கமா ஐ.பி.டி. (ஐ.பி.எஸ். வேற, அதுல குடல்ல புண்ணும் அழற்சியும் தெரியாது. ரெண்டையும் ஒண்ணாக்கி அட்வைஸ் பண்ற மாமாக்கள் தயவு செஞ்சு இந்த பாராவை ரெண்டு தடவை படிங்க.) ஐ.பி.டி.ல முக்கியமா ரெண்டு. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ்: பெருங்குடலோட உள் சவ்வுல புண்ணு, ரத்தப்போக்கு. க்ரோன்ஸ் நோய்: வாயில இருந்து ஆசனவாய் வரைக்கும் எங்க வேணா வரும், சுவரோட முழு ஆழத்துக்கும் போகும். "இதெல்லாம் வெள்ளைக்காரன் வியாதி"ன்னு ஒரு காலத்துல சொல்லிக்கிட்டு இருந்தாங்க. 2003ல லூதியானா டாக்டர்கள் பஞ்சாப்ல வீடு வீடாப் போய் எடுத்த கணக்குல லட்சத்துக்கு 44 பேருக்கு மேல அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருந்துச்சு. காரம் சாப்பிட்டதால வந்தது, டென்ஷன்ல வந்தது, ஹாஸ்டல் சாப்பாட்டுல வந்ததுன்னு நாம நோயாளியையே குத்தவாளிக் கூண்டுல நிறுத்திக்கிட்டு இருக்கோம்.

சரி, சுவருக்கு வருவோம். இங்கதான் நான் அசந்து போனேன்.

நம்ம குடலோட உள்பக்கத்தை விரிச்சா டென்னிஸ் கோர்ட் அளவுன்னு ஸ்கூல் புக்ல இருந்து எல்லா இடத்துலயும் போட்டிருப்பாங்க. 2014ல ஸ்வீடன்ல ரெண்டு பேர் ஒழுங்கா அளந்து பார்த்து சுமார் 32 சதுர மீட்டர்தான்னு சொன்னாங்க. பாதி பேட்மின்டன் கோர்ட் கூட வராது. பரவாயில்லை, அதுவே பெருசுதான். இந்த 32 சதுர மீட்டருக்கும் வெளியுலகத்துக்கும் நடுவுல இருக்கிறது எத்தனை அடுக்கு செல் தெரியுமா? ஒண்ணு. ஒரே ஒரு அடுக்கு. அந்தப் பக்கம் கோடிக்கணக்குல பாக்டீரியா, இந்தப் பக்கம் ரத்தம். அந்த செல்லும் நாலஞ்சு நாள்ல உதிர்ந்து புதுசு வந்துடும். அதாவது வாரத்துக்கு ஒரு தடவை இடிச்சுக் கட்டுற காம்பவுண்ட் சுவர்.

சுவருக்கு மேல சளி மாதிரி ஒரு பூச்சு. பெருங்குடல்ல அது ரெண்டு அடுக்கு. வெளி அடுக்குல பாக்டீரியா குடியிருக்கும், உள் அடுக்குல கிட்டத்தட்ட ஒண்ணு கூட இருக்காது. அந்தச் சளிக்கு ஆதாரமான ஒரு புரதத்தை எலியில எடுத்துட்டா, எலிக்கு தானாவே கொலைட்டிஸ் வந்துடுது. அப்புறம் செல்லுக்கும் செல்லுக்கும் நடுவுல சாந்து பூசின மாதிரி டைட் ஜங்ஷன். நாம நினைக்கிற மாதிரி அது இறுகிப்போன சிமெண்ட் இல்லை. செல்லோட கழுத்துல சுருக்குப்பை நாடா மாதிரி ஒரு வளையம் ஓடுது. நாடாவை இழுத்தா பையோட வாய் சுருங்கும் இல்லையா, அதே மாதிரி இந்த வளையம் இழுபட்டா செல்லோட கழுத்து சுருங்கி பக்கத்து செல்லை விட்டு விலகும். இடுக்கு திறந்துக்கும்.

இப்போ கேள்வி: நாடாவை இழுக்கிறது யாரு?

பாக்டீரியான்னு சொல்லத் தோணும். சில கிருமிகள் அப்படிச் செய்யுது, உண்மைதான். ஆனா ஐ.பி.டி.ல இழுக்கச் சொல்லி ஆர்டர் போடுறதுல முக்கியமான ஆள் நம்ம ஆளு. சுவருக்குப் பின்னாடி காவலுக்கு நிக்கிற நம்ம எதிர்ப்பு செல்கள். அவங்க விடுற டி.என்.எஃப்.ங்கிற சிக்னல் எபிதீலியல் செல்லுக்குள்ள ஒரு என்சைமை முடுக்கி விடும், அது அந்த வளையத்தை இழுக்கும். டி செல்கள் விடுற இன்டர்ஃபெரான் காமா கூட சேர்ந்தா இன்னும் மோசம். டி.என்.எஃப். அதோட நிக்காது, செல்லையே சாகடிக்கவும் சொல்லும். ஐ.எல்-13ன்னு இன்னொரு சிக்னல் க்ளாடின்-2ங்கிற புரதத்தைக் கூட்டி விடும். அது சுவர்ல சின்னச் சின்ன குழாய் வெச்ச மாதிரி, உப்பும் தண்ணியும் அந்த வழியா ஒழுகும். பேதிக்கு அதுவும் ஒரு காரணம். இதெல்லாம் போதாதுன்னு நியூட்ரோஃபில்கள் கூட்டம் கூட்டமா ரத்தத்துல இருந்து கிளம்பி, சுவரையே துளைச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போகும். போற வழியில எல்லாத்தையும் கரைச்சுக்கிட்டு போகும். மலத்துல கால்ப்ரொடெக்டின் டெஸ்ட்னு எழுதிக் கொடுக்கிறாங்களே, அது அந்த நியூட்ரோஃபில்களோட புரதத்தைத்தான் அளக்குது. எத்தனை காவலாளி சுவரேறிக் குதிச்சாங்கன்னு ஒரு கணக்கு.

அப்புறம் என்ன ஆகும்? சுவர் ஒழுகுது, பாக்டீரியா சரக்கு உள்ள வருது, அதைப் பார்த்து காவலாளிங்க இன்னும் டென்ஷன் ஆகுறாங்க, இன்னும் டி.என்.எஃப்., இன்னும் ஒழுகல். வட்டிக்கு வட்டி மாதிரி. இந்த நேரத்துல ஒருத்தர் வந்து "சக்தியைக் கூட்டுங்க"ன்னா அவரை என்ன பண்ணலாம்?

என் பெரியம்மா பையனுக்கு அப்படி ஒருத்தர் வந்தார். அண்ணனுக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ். அஸாதயோப்ரின் மாத்திரையில ஒன்றரை வருஷம் நல்லாவே ஓடுச்சு, வேலைக்குப் போய்ட்டு வந்துக்கிட்டு இருந்தான். யாரோ அனுப்பின வாட்ஸப் வழியா ஒரு பொடிக்காரர் அறிமுகம். (பேர் போட மாட்டேன், கேக்காதீங்க.) மாத்திரை டப்பாவை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, "தம்பி, இது உங்க எதிர்ப்பு சக்தியைக் கொல்ற மாத்திரை. வேர்ல வெந்நீர் ஊத்திக்கிட்டு இலைக்கு மருந்தடிக்கிறீங்க"ன்னு சொல்லியிருக்கார். வசனம் நல்லாத்தான் இருக்கு! அண்ணன் மாத்திரையை நிறுத்திட்டான். நாலு மாசம். ஒரு நாளைக்கு பதினஞ்சு தடவை, ரத்தமா. பத்து கிலோ இறங்கிட்டான். பெரியம்மா அழுதுக்கிட்டே போன் பண்ணினப்போ ஆஸ்பத்திரியில ஸ்டீராய்டு ஊசி ஓடிக்கிட்டு இருந்துச்சு. குடலையே எடுக்க வேண்டி வரலாம்னு மூணு நாள் பயமுறுத்தி வெச்சிருந்தாங்க. எடுக்கலை, தப்பிச்சான்.

பொடிதான் கெடுத்துச்சுன்னு நான் சொல்ல வரலை. அதுல பாதி சுக்கும் சர்க்கரையுமாக் கூட இருந்திருக்கலாம். கெடுத்தது அந்த வாக்கியம். "எதிர்ப்பு சக்தியைக் கொல்ற மாத்திரை"ங்கிறது பாதி உண்மை. அந்த மாத்திரை டி செல்கள் பெருகுறதைக் குறைக்குது, நிஜம்தான். அதுக்குத்தானய்யா கொடுக்கிறாங்க! சுவரை இடிக்கிற கூட்டத்தோட எண்ணிக்கையைக் குறைக்கத்தான் அது. நம்ம பேட்டரி புத்திக்கு அது "சார்ஜ் இறங்குது"ன்னு தெரியுது.

இப்போ ஒரு கோஷ்டி வரும். "தம்பி, முதல்ல சுவர் ஒழுகினதாலதான் காவலாளிங்க கோவப்பட்டாங்க. மூலகாரணம் ஒழுகல். அதை அடைச்சா எல்லாம் சரியாயிடும்." இவங்கதான் "லீக்கி கட்" பார்ட்டி. இவங்களை சும்மா ஒதுக்கித் தள்ள முடியாது, ஏன்னா கையில கொஞ்சம் சரக்கு இருக்கு. க்ரோன்ஸ் நோயாளிகளோட நெருங்கின சொந்தக்காரங்களுக்கு, நோய் இல்லாமலேயே குடல் கொஞ்சம் ஒழுகுதுன்னு 1986லயே சொல்லிட்டாங்க. 2020ல வந்த ஒரு பெரிய ஆய்வுல, ஆரோக்கியமா இருந்த சொந்தக்காரங்க ஆயிரம் பேருக்கு மேல வருஷக்கணக்கா பின்தொடர்ந்து பார்த்தாங்க. ஒழுகல் அதிகமா இருந்தவங்களுக்கு பின்னாடி க்ரோன்ஸ் வர்ற வாய்ப்பும் அதிகமா இருந்துச்சு. அதனால ஒழுகல் முன்னாடியே இருக்கலாம்ங்கிறதை நான் ஒத்துக்கறேன்.

ஆனா ஒழுகல் மட்டும் போதுமா? இதுக்கு ஒரு அழகான சோதனை இருக்கு. 2009ல, அந்த சுருக்குப்பை நாடா எப்பவுமே இழுபட்டே இருக்கிற மாதிரி எலிகளை உருவாக்கினாங்க. பொறந்ததுல இருந்தே ஒழுகுற குடல். நோய் வந்துச்சா? தானா வரலை. லேசா எதிர்ப்பு செல்கள் உஷாரானதோட சரி, எலி பாட்டுக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு. அதே எலிக்குள்ள வம்புக்கார டி செல்களை ஏத்தினப்போதான் கொலைட்டிஸ். மத்த எலியை விட சீக்கிரமாவும் வந்தது, மோசமாவும் வந்தது. ஆக, ஒழுகல் எரியுற வீட்ல காத்தடிக்கிற வேலையை நல்லாவே செய்யும், ஆனா தீ வேற இடத்துல இருந்து வரணும்.

எதிர்த் திசையில பாருங்க. ஐ.எல்-10னு ஒரு சிக்னல் இருக்கு. "அமைதி அமைதி"ன்னு சொல்ற தலைமைக் காவலர்னு வெச்சுக்கலாம். அது இல்லாத எலிக்கு குடல் அழற்சி வருதுன்னு 1993ல கண்டுபிடிச்சாங்க. எதிர்ப்பு செல்கள்ல மேக்ரோஃபேஜ்னு ஒரு வகை, சாதாரணமா குடல்ல வர்ற பாக்டீரியாவை சத்தமில்லாம முழுங்கிட்டு சும்மா இருக்கிற நல்ல பிள்ளை. அதுக்கு மட்டும் ஐ.எல்-10 கேக்காத மாதிரி காதை அடைச்சா போதும், எலிக்கு கொலைட்டிஸ் வந்துடுதுன்னு 2014ல காட்டினாங்க. சுவர் செல்கள்ல யாரும் கை வைக்கலை. காவலாளியோட காதை மட்டும்தான் அடைச்சாங்க.

எலி கதை வேண்டாம்னா மனுஷன் கதை. 2009ல வெளியான ஒரு ஆய்வு. கைக்குழந்தையிலயே கொடூரமான குடல் அழற்சி, ஆசனவாய்ப் பக்கம் புண்ணும் புரையும், எந்த மருந்துக்கும் அடங்கலை. ஜீனைப் பார்த்தா ஐ.எல்-10 கேக்கிற ஏற்பியில கோளாறு. அதுல ஒரு குழந்தைக்கு என்ன பண்ணினாங்க தெரியுமா? குடலை மாத்தலை. குடலைத் தைக்கிறதுக்கு பொடி கொடுக்கலை. வேற ஒருத்தர்கிட்ட இருந்து ரத்த மூல செல்களை எடுத்து ஏத்தினாங்க. அதாவது எதிர்ப்பு செல்கள் எல்லாம் புது ஆளுங்க. குடல் அதே பழைய குடல். அழற்சி அடங்கிடுச்சு.

இந்தக் குழந்தையோட கதையைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கம் வரலை, நிஜமா. சுவர் குத்தவாளியா காவலாளி குத்தவாளியான்னு கேட்டா இதை விட நேரடியான சாட்சி வேற என்ன வேணும்? (எல்லா ஐ.பி.டி.யும் இந்த ரகம் இல்லை. இது அரிதான, ஒரே ஜீன் கோளாறு. ஆனா எது எதை அசைக்குதுன்னு காட்டிடுச்சு.) பெரியவங்களுக்கு 2014ல வந்த வெடோலிஸுமாப் மருந்தும் இதே பாணிதான். அது சுவரைத் தொடாது. ரத்தத்துல இருந்து குடலுக்குள்ள நுழையுற எதிர்ப்பு செல்களோட நுழைவுச் சீட்டைப் பிடுங்கிடும். கூட்டம் குறையுது, நிறைய பேருக்கு சுவர் தானா ஆறுது.

இப்போ கடைக்கு வரேன். ஒரு பிரச்சினைக்கு எளிமையான பேர் வெச்சா அன்னிக்கே மார்க்கெட் பொறந்துடும், இது எங்க மார்க்கெட்டிங் பேப்பர்ல முதல் யூனிட். "ஒழுகும் குடல்"ங்கிற பேர் இருக்கே, அதை விட நல்ல பேர் கிடைக்காது. ஒழுகுற குழாய்க்கு எம்-சீல் போடுற ஊர் நம்மளோடது. பேர் வெச்சாச்சு, அடுத்து அளக்க டெஸ்ட் வேணும். சோனுலின்னு ஒரு புரதம் ரத்தத்துல எவ்ளோ இருக்குன்னு பார்த்து "உங்க குடல் ஒழுகுது"ன்னு ரிப்போர்ட் கொடுக்கிறாங்க. 2018ல ஒரு ஜெர்மன் குழு, சந்தையில விக்கிற சோனுலின் கிட்டை சோதிச்சுப் பார்த்துட்டு, அது பிடிக்கிறது சோனுலினே இல்லை, வேற ஏதோ புரதங்களைன்னு எழுதினாங்க. ஸ்டாக் இல்லாத குடோனுக்கு ஆடிட் ரிப்போர்ட் மாதிரி! இடுக்கை நேரடியா இறுக்கணும்னே உருவாக்கின லராசோடைடுங்கிற மருந்து, கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய்க்கு மூணாம் கட்ட சோதனை வரைக்கும் போச்சு. 2022ல பாதியிலயே நிறுத்திட்டாங்க, பலன் தெரியலைன்னு. கோடி கோடியா கொட்டி ஒழுங்கா சோதிச்சவங்களுக்கே இந்த கதி. ஆனா டப்பாவுல அடைச்ச பொடி மட்டும் 21 நாள்ல அடைச்சுடுமாம்.

"மஞ்சள்?"னு கேப்பீங்க, தெரியும். 2006ல ஜப்பான்ல 89 அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிகள்கிட்ட குர்குமின் கொடுத்துப் பார்த்தாங்க, நோய் திரும்ப வர்றது குறைஞ்சது. நல்ல விஷயம். ஆனா அவங்க வழக்கமான மாத்திரையையும் கூடவே சாப்பிட்டாங்க. பொடிக்காரர் அந்த ஆய்வை மேற்கோள் காட்டும்போது இந்த ஒரு வரி மட்டும் எப்படியோ உதிர்ந்து போயிடுது. சீந்திலுக்கும் இன்னொரு பக்கம் இருக்கு. மும்பை டாக்டர்கள் 2021ல சீந்தில் சாப்பிட்ட ஆறு பேருக்கு கல்லீரல் அழற்சி வந்ததா எழுதினாங்க, அதுல சில பேருக்கு சுயஎதிர்ப்பு வகை. ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்துச்சு. அந்தச் சண்டை தீர்ற வரைக்கும், ஏற்கெனவே சொந்த செல்களாலயே அடி வாங்குற ஒரு ஆளுக்கு அதைப் பரிந்துரைக்க எப்படி மனசு வருது?

"அப்போ எதிர்ப்பு செல் எல்லாம் வில்லன், ஒட்டுமொத்தமா அமுக்கிடலாமா?" அதுவும் இல்லை. அந்த பேட்டரி புத்தி டாக்டர் பக்கத்துலயும் ஒரு தடவை மூக்குடைபட்டிருக்கு. ஐ.எல்-17னு ஒரு சிக்னல் அழற்சியில கலந்துக்குது, அதைத் தடுத்தா சோரியாசிஸ் நல்லா அடங்குது. அதே மருந்தை க்ரோன்ஸுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க, முடிவு 2012ல வந்தது. பலன் இல்லை, போதாக்குறைக்கு தொந்தரவுகள் கூடிச்சு. ஏன்னு 2015ல எலியில பார்த்தப்போதான் தெரிஞ்சது, குடல்ல ஐ.எல்-17 டைட் ஜங்ஷனைக் கட்டிக் காப்பாத்துற வேலையும் செய்யுது. ஐ.எல்-22னு இன்னொண்ணு, அதுவும் எதிர்ப்பு செல்கள் விடுறதுதான். அது சுவரோட மூல செல்களுக்கே "கட்டு, சீக்கிரம் கட்டு"ன்னு சொல்லுது. இடிக்கிறவனும் கொத்தனாரும் ஒரே டிபார்ட்மென்ட், ஒரே யூனிஃபார்ம்! டி.என்.எஃப்.ஐத் தடுக்கிற இன்ஃப்ளிக்ஸிமாப் 1998ல க்ரோன்ஸுக்கு வந்து எத்தனையோ பேர் வாழ்க்கையை மாத்துச்சு. 2001லயே அதோட மறுபக்கமும் வெளிய வந்தது, அதை எடுத்துக்கிட்ட 70 பேருக்கு டி.பி. கிருமியைச் சிறை வெச்சு பூட்டி வெச்சிருக்கிறதும் அதே டி.என்.எஃப்.தான், பூட்டைத் திறந்தா கைதி ஓடிடுவான். அதனாலதான் நம்ம ஊர்ல அந்த ஊசிக்கு முன்னாடி டி.பி. டெஸ்ட் எடுக்காம விட மாட்டாங்க. குடல் டி.பி.யும் க்ரோன்ஸும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்ங்கிறது தனித் தலைவலி.

விலை? ஆமா, கொடுமையான விலை. 2014 டிசம்பர்ல ஒரு இந்தியக் கம்பெனி அடாலிமுமாபோட நகல் மருந்தை, மூல மருந்தை விட ரொம்பக் குறைச்ச விலையில கொண்டு வந்தது. அதுவும் இன்னும் பல வீட்டுக்கு எட்டாத தூரம்தான். பொடிக்காரர் கடை ஓடுறதுக்கு அந்த இடைவெளி பெரிய காரணம். மருந்துக் கம்பெனிகளைத் திட்டி எழுதறதா இருந்தா எழுதுங்க, நானும் கூட வந்து கத்தறேன். ஆனா விலை ஜாஸ்திங்கிறதால பொடி வேலை செய்ய ஆரம்பிச்சுடாது.

"இங்கிலீஷ் மருந்து ஏஜென்ட்"னு பின்னூட்டம் வரும். வரட்டும், கமிஷன் வந்தா கேன்டீன் பாக்கியை அடைச்சுடுவேன். எனக்கு அவங்க கிட்ட ஒரே ஒரு கோரிக்கைதான். "எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்"னு டப்பாவுல போடுறீங்க இல்லையா, எந்த செல்லைக் கூட்டும்னு கீழயே ஒரு வரி சேர்த்துப் போடுங்க. டி செல்லா, நியூட்ரோஃபிலா, மேக்ரோஃபேஜா? டி.என்.எஃப்.ஐக் கூட்டுமா, ஐ.எல்-10ஐக் கூட்டுமா? எத்தனை பேர்கிட்ட பார்த்தீங்க, எந்த வருஷம்? எடை, விலை, காலாவதி தேதிக்கெல்லாம் இடம் இருக்கிற டப்பாவுல இதுக்கும் இடம் இருக்கும்.